வந்தவர்கள் முன்னால் ஒரு தம்ளர்

நீங்கள் வைத்த தண்ணீரைத் தொடவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் சுத்தம் பார்க்கிறவன். மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டில் காய்ச்சாத தண்ணீரை யாரும் குடிப்பதில்லை.

சாக்கடையைச் சுத்தம் செய்து ஆற்றில் விடும் நிலையத்துக்கு நான் மேலாளர். தொட்டிகளுக்குள் இடைவிடாமல் காற்று ஊத வேண்டும். அப்போதுதான் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கும். போன கோடையில் ஊதும் இயந்திரம் பழுதாகி நின்றது. மேலே சொன்னால் என் தலைதான் உருளும். சொல்லவில்லை. சாக்கடை வந்தபடியே ஆற்றுக்குப் போனது. அதற்கு முன்பு மட்டும் அங்கே பன்னீரா ஓடியது?

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பார்வையிட யார் வந்தாலும், சுத்தம் செய்த தண்ணீரைக் கடைசித் தொட்டிக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து, மேலாளர் அவர்கள் முன்னால் குடித்துக் காட்டுவார். எனக்கு முன்னால் இருந்த அசடு நிஜமாகவே அதைக் குடித்தது. நான் அந்தக் குழாயைக் குடிநீர் இணைப்போடு சேர்த்துவிட்டேன். தார்நாகாவிலிருந்து வந்த விஞ்ஞானிகள்கூடக் கை தட்டினார்கள். குழாய் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்க்க ஒருவருக்கும் முதுகு வளையவில்லை.

எலிசபெத் டீச்சர் அதற்குப் பிறகு வந்தவர். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி; 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'எதற்கு' என்பதற்குக் 'கைக்கு' என்று அந்தக் காலனிப் பேச்சுதான் வாயில் வரும். ஆற்றுப் போக்கில் எங்கள் நிலையத்துக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினார். பள்ளிக் கிணறு கரையோரம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் கிணற்றை மூடிப் பூட்டிவிட்டு, பாட்டிலில் அந்தத் தண்ணீரோடு வாரா வாரம் என் அறையில் வந்து நிற்பார். செருப்பெல்லாம் சேறு. அந்தச் சேற்றைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவர் முன்னாலும் குடித்துக் காட்டினேன்.

"ஹவ் சார், நீங்களே குடிக்கிறீங்க. இனிமே எனக்கு கைக்கு டவுட்டு?" என்றார். கண் கலங்கியிருந்தது. என்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு வேறு கேட்டார். இவர் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்துக் கிழிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் போன் செய்தார். "சார், டேங்கர் தண்ணி சரியா வர்றதில்ல. பசங்க காய்ஞ்சுபோன வாயோட வீட்டுக்குப் போறாங்க. கிணத்தைத் திறந்துடட்டுமா? நீங்க நக்கோன்னு சொன்னா திறக்க மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என் மேலதிகாரிகளிடம் போயிருப்பார். "தாராளமா திறங்க டீச்சர்" என்றேன். கிணற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் கொண்டுவந்த தண்ணீரை நானே எங்கள் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருந்தேன்.

அவரும் என்னைப் போலவே செய்தாராம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவர்கள் முன்னால் முதல் தம்ளரைத் தானே குடித்துக் காட்டினாராம். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் குடித்தன. காலரா என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. டீச்சர் பிழைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சாகலாம் என்று தெரிந்துதான் திறக்கச் சொன்னேன். அந்தப் பெண்மணி மறுபடி என் அறைக்கு வரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரே ஒரு உதவி. ஆஸ்பத்திரிக்குப் போனால் டீச்சரிடம் சொல்லுங்கள்: அவர் பேச்சைக் கேட்டு என்னைக் கைது செய்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவரை மன்னித்துவிட்டேன்.