மர்ஜானாவின் நாற்பது நாள்

— "அழுதாள்"னு இந்த ஒரு பக்கத்துல மட்டும் ஆறு தடவை வருது, ஆசியா. எனக்குக் கை வலிக்குது. நாலை வெட்டு.

— வெட்டிடுங்க, சுலைஹா லாத்தா. கதையில கதீஜா ரெண்டு தடவை அழுதாப் போதும்.

— ரோஷமே வரலையே உனக்கு. போன வருஷம் ஒரு எழுத்தைத் தொட விட்டியா நீ?

— போன வருஷம் மெட்ராஸ் நாவல் போட்டிக்காரங்க பிரிச்ச கையோட திருப்பி அனுப்பிட்டாங்களே. "அரபு மொழி நாவல்கள் ஏற்கப்படா"ன்னு ஒரு துண்டுச் சீட்டு வேற.

— அரபு எழுத்துல எழுதினா அரபுன்னுதான் நினைப்பாங்க. உள்ள இருக்கிறது தமிழ்னு மெட்ராஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

— நாகூர்ல எங்க ஓதுற வீட்டுல பொம்பளைப் புள்ளைங்களுக்கு அந்த எழுத்துதானே சொல்லிக் கொடுத்தாங்க. மெட்ராஸ்லயும் படிப்பாங்கன்னு நினைச்சுட்டேன்.

— நல்லவேளை, எங்க வாப்பா என்னைக் கடல் தாண்டின இந்த ஊர்ல மிஷன் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் விட்டாரு. என் தம்பிக்கு உன்னைக் கட்டி வச்ச பாவத்துக்கு இப்ப உக்காந்து தமிழ் எழுத்துல பெயர்த்து எழுதுறேன். இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினா என்ன செய்வே?

— எதனாலன்னு பார்ப்பேன். திருத்துவேன். அடுத்த வருஷமும் அனுப்புவேன். ஆனா முதல்ல இது வெள்ளிக்கிழமை தபால் கப்பல்ல ஏறணும், லாத்தா. இன்னும் மூணு அத்தியாயம் இருக்கு.

— முடிச்சிடுவோம்லா. படி.

— "கதீஜாவின் தாயார் மௌத்தான செய்தி ஊரிலிருந்து கடிதமாக வந்தது. கணவன் ஈப்போவில் இருந்தான். கதீஜாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நாத்தனார் மர்ஜானாதான் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு... வேலை மும்முரத்தில்... சொல்ல மறந்துவிட்டாள்."

— ஏன் இழுக்கிறே? இவ்வளவு நேரம் கடகடன்னு படிச்சியே.

— வெளிச்சம் போதலை.

— சன்னலோரத்துல உக்காந்துக்கிட்டு வெளிச்சம் இல்லையாம். இப்பத்தான் அஸர் பாங்கு சொல்லியிருக்காங்க, பொழுது சாய இன்னும் நேரம் கிடக்கு. மௌத்துச் செய்தியை, ஒரு சாவுச் செய்தியை யாராச்சும் மறப்பாங்களா? படிக்கிறவன் சிரிப்பான். நோட்டை இப்படிக் கொடு.

— வேணாம், லாத்தா.

— கொடுன்னா. நீ வாயால சொல்றது ஒண்ணு, ஏட்டுல இருக்கிறது ஒண்ணு. எனக்கும் அரபு எழுத்து ஓதத் தெரியும்லா. "மர்ஜானா மறக்கவில்லை. தன் மகளின் நிக்காஹ் வீட்டில் அழுகுரல் கேட்கக் கூடாதென்று, நாற்பது நாள் அந்தக் கடிதத்தைப் பெட்டியில் ஒளித்து வைத்தாள்."

— லாத்தா...

— எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

— ஊர்லேருந்து மாமா வந்தப்ப. கடுதாசி போட்ட தேதியைச் சொன்னாரு.

— பன்னண்டு வருஷம் ஆச்சே அது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீ.

— கேக்க முடியலை. அதான் எழுதினேன். அந்த இடத்தை அடிச்சிடலாம், லாத்தா. நீங்க பேனாவைக் கீழ வச்சிட்டா எனக்கு வேற யாரு இருக்கா?

— நான் எங்க கீழ வச்சேன்? அதை அடிச்சா அப்புறம் உன் நாவல்ல உசிரு ஏது? நீ எழுதினபடியேதான் எழுதப்போறேன். ஆனா ஒரு குறை. இந்த மர்ஜானா கல்லு மாதிரி இருக்கா. அந்த நாற்பது நாளும் அவ என்னதான் செஞ்சா?

— எனக்குத் தெரியாது, லாத்தா. தெரிஞ்சதைத்தானே எழுத முடியும்?

— அப்ப நான் சொல்றேன், சேர்த்துக்க. தினமும் விடியக்காலை ஃபஜ்ரு தொழுதுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, மௌத்தான உன் உம்மாவுக்காகக் குர்ஆன்ல யாசீன் ஓதினேன், ஆசியா. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரலை.