தனி லைன்

இல்லப்பா, அந்த ஒயர இதோட சேக்காத. அது வேற, இது வேற. இப்டி வா, குனிஞ்சி பலகைக்கு அடியில பாரு. செவப்பும் கறுப்புமா ரெண்டு தடி ஒயர் சுத்திக்கினு போவுதா? அதுலேர்ந்து மூணு அடிக்கு ஒண்ணா மெல்லிசு ஒயர் எடுத்து தண்டவாளத்துல ஈயத்தால பத்த வெச்சிருக்கேன். தண்டவாளத்த மட்டும் நம்பி கரண்ட் வுட்டா, அரக்கோணத்துல பதினஞ்சு வோல்ட் இருக்கும், செங்கல்பட்டு வரதுக்குள்ள பதினொண்ணாயிடும். வண்டி முக்கிக்கினு நிக்கும்.

பொம்ம ரயிலு தான். ஆனா இருவது அடி பொம்ம. மாடி ரூம் முழுக்க இதான். அரக்கோணம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, ஏழு வண்டி. முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்னுக்கினே போனவன் நானு. ரிடயர் ஆனதும் ரயில் ஓட்டணும்னு ஒரு ஆச. இந்த மரமெல்லாம் என் வீட்டுக்காரி மஹாலட்சுமி செஞ்சது, பட்டு நூல் கழிவுல. அவளால மாடி ஏற முடிஞ்சப்ப.

உக்காரச் சொல்லாதப்பா, உக்கார முடியல. நீ வேலயப் பாரு, நான் நடந்துக்கினே சொல்றேன்.

நாலு பிரிவு. ஒவ்வொண்ணுக்கும் தனி டிரான்ஸ்பார்மர், அஞ்சு ஆம்பியர். ஒரு பக்கம் ஷார்ட் ஆனா மத்த மூணும் ஓடணும். லைட்டுங்களுக்கு ஒண்ணு, தடம் மாத்துற மோட்டாருக்கு ஒண்ணு. ஆக ஆறு. எல்லாம் சேத்தாலும் ஒரு இஸ்திரிப் பொட்டி இழுக்குற அளவு வராது. நானும் அப்டித்தான் நெனச்சேன். ஆனா ஆறையும் ஒரே சுவிட்சுல போட்டா, போடுற அந்த நொடியில பத்து மடங்கு இழுக்கும். வீட்டு டிரிப்பர் வுழுந்து மொத்த கரண்டும் போயிடும். அதனால ரெண்டு செகண்டு வுட்டு வுட்டு, ஒண்ணொண்ணா ஏறுற மாதிரி வை.

அதுக்கு முன்னாடி, கீழ் ரூமுக்கு மெயின்லேர்ந்து தனி லைன் இழு. தனி டிரிப்பர். அதுல வேற எதுவும் மாட்டக் கூடாது, செல்போன் சார்ஜர் கூட. அங்க அவ மிஷின் இருக்குது, காத்துலேர்ந்து ஆக்சிஜன் புடிச்சிக் குடுக்குறது. ரெண்டு வருஷமா நொரயீரல் சரியில்ல. மூக்குல கொழாய் இல்லாம முடியாது.

இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டியாறோம். அதான் இன்னிக்கே முடியணும்னு உன் உசுர வாங்குறேன்.

எப்டி ஆஸ்பத்திரிக்குப் போனாளா? பத்து நாளுக்கு மேல ஆச்சு, ஒரு மத்தியானம் கரண்ட் போயிடுச்சி, மிஷின் நின்னுடுச்சி. கட்டிலாண்ட ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குது, அவளால அதத் திருவ முடியல. எம் பொண்ணு இளவரசி ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஓடியாந்து, கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டு கிழி கிழின்னு கிழிச்சா. நாங்க கட்டே பண்ணலன்னு அவங்க சொல்லியிருக்காங்க. பொய் சொல்றாங்க பாருப்பான்னா. நானும் தலய ஆட்டினேன்.

இதெல்லாம் கழட்டிப் போட்டுடலாம்னு பாத்தேன்பா. ரெண்டு ஒயர் அறுத்தும் போட்டேன். அன்னிக்கு சாயந்தரம் ஆஸ்பத்திரியில அவ மாஸ்க்க எடுத்துட்டு சொல்றா, நான் வரும்போது ரயில் ஓடிக்கினு இருக்கணும்னு. அவ்ளோதான். வேற எதுவும் சொல்லல.

இன்னா அப்டிப் பாக்குற? நீ அடுத்த தெரு தான? அன்னிக்கு இந்தப் பக்கம் கட்டே இல்லன்றியா?

இல்ல. கட் இல்ல. ஆறையும் ஒரே சுவிட்சுல நான் தான் போட்டேன். டிரிப்பர் வுழுந்துச்சு. மேல கம்ப்யூட்டருக்கு வெச்ச யுபிஎஸ் கத்திச்சு, கீழ அவ மிஷின் கத்திச்சு, எனக்கு ரெண்டும் ஒரே சத்தமா கேட்டுது. எங்க ஷார்ட்டுன்னு பலகைக்கு அடியில படுத்துக்கினு டார்ச் அடிச்சித் தேடினேன். கால் மணி நேரம். டெஸ்டர் எடுக்கத் தான் கீழ எறங்கினேன். அவ ஒதடு நாவப்பழக் கலர்ல இருக்குது. பொண்ணு கிட்ட கூட சொல்லல, உன் கிட்ட தான் மொதல்ல சொல்றேன்.

அவ கிட்டயா? தெருவுக்கே கரண்ட் போயிடுச்சின்னு தான் சொன்னேன். ஆனா அன்னிக்கு எதிர் வீட்ல மிக்ஸி ஓடிக்கினே இருந்துதுப்பா. நான் சிலிண்டரத் திருவும்போது கூட ஓடிக்கினு இருந்துது. அவ கட்டில் ஜன்னலோரம் தான் கெடக்குது. காது நல்லா கேக்கும் அவளுக்கு. பதினோரு நாளாச்சு, என்ன ஒரு வார்த்த கேக்கல.