காலிக் கட்டத்தில் ஒரு சிவப்பு எழுத்து

— எந்தப் பெட்டியைப் பிரிக்கறே?

— எறும்பு போற மாதிரி இருந்துச்சுங்க. அதான் பார்க்கலாம்னு...

— எறும்பா? அதுக்கு மூணு பெட்டியைப் பிரிக்கணுமா? இப்பதான் டேப் ஒட்டிட்டு இடுப்பை நிமிர்த்தினேன்.

— எறும்பு ஒரே பெட்டியிலயா இருக்கும்?

— நாலு மணிக்கு நூலகத்துலேர்ந்து வண்டி வருது. அவங்க வரும்போது எல்லாம் தரையில பரப்பிக் கிடக்கணுமா... தள்ளு. அது அச்சு மெஷின் வந்த புதுசுல அடிச்ச புத்தகம். அதைப் போய் காய்கறிக் கூடை மாதிரி கிளறிக்கிட்டு.

— இத்தனை வருஷமா தூசி தட்டினது யாரு? எனக்குத் தெரியாதா எப்படிப் பிடிக்கணும்னு... ஏங்க, அந்தச் சின்னது எங்க? மர அட்டை போட்டது. ஒரு பக்கம் கொக்கி உடைஞ்சிருக்கும்.

— எது?

— அதாங்க, காலிக் கட்டம் காலிக் கட்டம்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுவீங்களே.

— ... அது எதுக்கு உனக்கு?

— சும்மாதான்.

— சும்மா எதையும் நீ கேக்க மாட்டே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு புத்தகத்தைக்கூடப் பேர் சொல்லிக் கேட்டதில்ல.

— அதுங்களுக்குப் பேர் எங்க இருக்கு? தலைப்புன்னு ஒரு பக்கமே கிடையாது, அச்சடிச்சவன் பேரைக்கூடக் கடைசித் தாளில போய்த் தேடணும்னு நீங்கதானே சொல்வீங்க.

— பரவாயில்லயே. காதுல விழுந்திருக்கு.

— விழாம? சாப்பிடும்போதும் அதே பேச்சு. தூக்கத்துலயும் அதே பேச்சு.

— சரி, வழியை விடு.

— ஏங்க, எதுக்கு இப்ப எல்லாத்தையும் தூக்கிக் கொடுக்கறீங்க? கிளினிக்கை மூடின அன்னிக்கு என்ன சொன்னீங்க? இனிமே அடுத்தவன் பல்லைப் பார்க்க வேண்டாம், நாள் பூரா புத்தகம் பார்க்கலாம்னு குழந்தை மாதிரி சிரிச்சீங்க.

— போதும்னு தோணுச்சு.

— எந்த ஏலம்னாலும் முதல் ஆளா ஓடின மனுஷனுக்குத் திடீர்னு போதும்னு தோணுமா?

— நூலகத்துல பத்திரமா இருக்கும்.

— இங்க பத்திரத்துக்கு என்ன குறைச்சல்?

— அந்த டேப்பை இப்படிக் கொடு.

— என் மேல கோவமா?

— உன் மேல எதுக்குக் கோவம்?

— இல்ல... இப்பல்லாம் யாருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டறதே இல்ல நீங்க. ஏதாவது பார்த்துட்டு... மனசு விட்டுப் போயி...

— என்ன பார்த்துட்டு?

— ஒண்ணுமில்ல.

— இரு. என்ன பார்த்துட்டுன்னு கேட்டேன்.

— உக்காருங்க, சொல்றேன்.

— நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— உக்காந்தாதான் சொல்வேன். பிரஷர் இருக்கு உங்களுக்கு.

— உக்காந்தாச்சு.

— அந்தப் புத்தகத்துல... நடுவுல ஒரு தாளில... ஒரு கட்டத்துல சிவப்பா ஒரு எழுத்து இருக்கும். வட்டமா, கீழ வால் வச்சு... பார்த்திருக்கீங்களா?

— நீ பார்த்திருக்கியா? உன் கண்ணுக்கும் அது தெரியுதா?

— தெரியாம? நான்தானே போட்டேன்.

— நீ போட்டியா.

— ஆமாங்க. திட்டணும்னா திட்டிடுங்க. உங்க அறுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்கலாம்னு... நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அச்சடிச்சவன் பெரிய எழுத்துக்கு இடம் விட்டு வச்சான், ஓவியன் வந்து கையால எழுதணும், அந்த ஓவியன் வரவே இல்ல, ஐந்நூறு வருஷமா கட்டம் காத்துக்கிட்டுக் கிடக்கு, பாவம்னு. கேக்கக் கேக்க, வர வேண்டிய ஆள் நான்தானோன்னு ஆயிடுச்சு. சைன்போர்டு எழுதறவர் பொண்ணு இல்லையா நான். இத்தனை கட்டத்துல ஒண்ணே ஒண்ணுதாங்க. மத்ததைத் தொடல.

— அது முன்னாடி காலியா இருந்துச்சு.

— காலியாத்தான் இருந்துச்சு. நடுவுல கடுகளவு ஒரு எழுத்து மட்டும் அச்சுல இருந்துச்சு, எந்த எழுத்து வரணும்னு ஓவியனுக்குத் தெரியறதுக்கு. அதைப் பார்த்துத்தான்...

— இன்னொரு தடவை சொல்லு.

— கடுகளவு ஒரு எழுத்து...

— அதில்ல. அதுக்கு முன்னாடி சொன்னே பாரு.

— காலியாத்தான் இருந்துச்சு.

— காலியாத்தான் இருந்துச்சு... காலியாத்தான் இருந்துச்சு...

— என்னங்க, அழறீங்களா? அவ்வளவு பெரிசா கெடுத்துட்டேனா... இருங்க, தண்ணி கொண்டு வரேன்.

— போகாத. இங்கயே இரு. கையைக் கொடு.

— சிவப்புப் பொடியை முட்டை வெள்ளைக்கருவுலதாங்க கலந்தேன். அந்தக் காலத்துல அப்படித்தான் கலந்தாங்கன்னு நீங்க சொன்னபடிதான்...

— நான் அழல. சரி, அழறேன்தான், விடு. அண்ணனுக்கு எப்படி ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

— உங்க அண்ணனுக்கா? கடைசியில பெத்த பொண்ணையே நீ யாரும்மான்னு கேட்டாரே.

— அது கடைசியில. ஆரம்பத்துல அப்படியில்ல. வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காது. நடந்தது நடக்கலைன்னு சண்டை போடுவார். அவ்வளவுதான்... நான் அந்தத் தாளைத் திறந்தேன். காலியா இருந்த கட்டத்துல எழுத்து இருக்கு. எத்தனை பேருக்கு நானே காட்டின கட்டம். எனக்குத் தலை சுத்திடுச்சு.

— ஐயோ...

— அது எப்பவுமே இருந்துச்சா, நான்தான் காலின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனா? இல்ல, நானே போட்டுட்டு மறந்துட்டேனா? நகத்துக்குள்ள சிவப்பு ஒட்டியிருக்கான்னுகூடப் பார்த்தேன்.

— பார்த்தா புதுசுன்னு தெரியலியா?

— அந்தச் சிவப்பு எத்தனை வருஷமானாலும் நேத்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். அப்புறம் எதை நம்பறது?

— வாங்கினப்ப எடுத்த ஃபோட்டோ...

— எங்க எடுத்தேன்? வெளிச்சம் பட்டா ஆகாதுன்னு வந்தவங்க யாரையும் எடுக்க விடல. நானும் எடுக்கல. அவ்வளவு புத்திசாலி.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

— கேட்டு, அது எப்பவும் அப்படித்தானே இருந்துச்சுன்னு நீ சொல்லிட்டா? அதுக்கப்புறம் நான் எங்க போவேன்?

— ... நானும் சொல்லணும்னுதாங்க இருந்தேன். பிறந்தநாளன்னிக்குக் காலையில உங்க வக்கீல் நண்பர் வந்தாரே. அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? எவனோ பழைய புத்தகத்துல காலிக் கட்டத்துக்குப் புதுசா வண்ணம் பூசிட்டான், அவன் கையை ஒடிக்கணும்னீங்க. நான் டிரேயோட கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்.

— அடக் கடவுளே.

— அன்னிக்கு மூடின வாய்தான்.

— சரி, வாயை மூடினே. அதோட விட்டிருக்கலாம்.

— எங்க விட்டேன்? நீங்க அதைத் திறந்துடக் கூடாதேன்னு கீழ்த் தட்டுல அகராதிக்குப் பின்னாடி தள்ளி வச்சேன்.

— அது நீயா? மூணாவது தட்டுலதான் வச்சேன்னு நான் சத்தியம் பண்ணுவேனே.

— மூணாவது தட்டுலதான் வச்சீங்க.

— அப்ப நான் புத்தகம் பார்க்கற லென்ஸ்? ஃப்ரிட்ஜுக்குள்ள, தக்காளிக்குக் கீழ இருந்தது?

— நான்தான். நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு, வேற இடம் கிடைக்கல.

— ஷூவுக்குள்ள அலமாரிச் சாவி?

— நான்.

— மேஜை விளக்கு? எரிஞ்சுக்கிட்டே இருக்கும், மறுநாள் எரியாது.

— பல்பைக் கொஞ்சம் திருகி விட்டுடுவேன்.

— அடிப்பாவி. உனக்குத் தெரியாம நரம்பு டாக்டர்கிட்ட போய் வந்தேன் தெரியுமா? ஸ்கேன் எல்லாம் எடுத்துட்டு ஒண்ணுமே இல்லன்னார். இவருக்கு என்ன தெரியும்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன்.

— புதுச் சட்டை போட்டுக்கிட்டு வாக்கிங் போறேன்னு போனீங்களே, அன்னிக்கா? எனக்கு அப்பவே சந்தேகம்தான்.

— சலூன்ல மூக்குக்கண்ணாடியை விட்டுட்டு வந்தது?

— அது நீங்கதான்.

— மாடி வீட்டுக்காரரைத் தம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டது?

— அது நேத்து இன்னிக்கு வந்த வியாதியா? பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே எங்க அப்பாவை வேற பேர் சொல்லித்தான் கூப்பிட்டீங்க.

— அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்ல. வழக்கமான மறதிதான். என்னாலதாங்க இத்தனை கஷ்டமும். மன்னிச்சிடுங்க.

— மன்னிக்கறதா? உன்னைத் தூக்கிச் சுத்தணும் போல இருக்கு, இடுப்புதான் விடல. அப்பாடா... நெஞ்சுல எவ்வளவு பாரம் தெரியுமா. உன் முகத்தைப் பார்த்துட்டு, உன்னை யாருன்னு நான் கேக்கப் போற நாள் எதுன்னு யோசிச்சுக்கிட்டே சாப்பிடுவேன்.

— அப்படியெல்லாம் பேசாதீங்க. இப்பதான் எனக்கும் மூச்சே வருது.

— அந்த ஃபோனை எடு. ஹலோ... ஆமா, பல் டாக்டர்தான் பேசறேன். வண்டி கிளம்பிடுச்சா? இன்னும் இல்லையா, நல்லதாப் போச்சு. வேண்டாம். இல்லங்க, வேற யாருக்கும் கொடுக்கல. காரணமா... எறும்பு. ஆமா, எறும்புதான். வீட்டுக்காரி பார்த்திருக்கா. சாவகாசமா நேர்ல வந்து சொல்றேன்.

— நல்லா கதை விடறீங்க.

— உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்.

— இப்பவாவது சொல்லுங்க. மறந்துடுவோம்னு பயந்தா, அதுக்குன்னு மொத்தத்தையும் கொடுத்துடணுமா?

— அண்ணன் கடைசியில வீட்டுப் பத்திரத்தைக் கிழிச்சுப் பொட்டலம் மடிச்சார். வெள்ளம், தீ, பூச்சி எல்லாத்துக்கும் தப்பிச்சு வந்த புத்தகம் என் கையிலயா அழியணும்? எனக்குப் புத்தி இருக்கும்போதே அனுப்பிடலாம்னு பார்த்தேன்.

— சரி, எந்தப் பெட்டியில போட்டீங்க அதை? எடுங்க. கையை ஒடிக்கற தப்புதானே பண்ணியிருக்கேன். அந்த எழுத்தை அழிக்க வழி இருக்கான்னு யாரையாவது கேப்போம்.

— எந்தப் பெட்டியிலயும் இல்ல.

— விளையாடாதீங்க. மூணு பெட்டி பிரிச்சுட்டேன்.

— எல்லாத்தையும் பிரிச்சாலும் கிடைக்காது. பீரோவுல என் ஸ்வெட்டருக்கு அடியில இருக்கு.

— அதை மட்டும் கொடுக்காம வச்சுக்கிட்டீங்களா? அதைப் பார்த்துத்தானே இவ்வளவு பயந்தீங்க?

— பயந்தேன்தான். ஆனா தினம் நீ குளிக்கப் போனதும் எடுத்துப் பார்ப்பேன். யார் போட்டதுன்னு தெரியாது, எப்ப போட்டதுன்னு தெரியாது... எனக்காகவே யாரோ போட்ட மாதிரி இருந்துச்சு.