டயரில் பிடித்த பாசி

உட்காருங்கள், வக்கீலம்மா. காலை வேளையில் இந்த முற்றத்தில் உட்காரலாம், பொழுது ஏறினால் முடியாது. எங்கள் பக்கத்துப் பல்லிகள் வாயில் ஓர் இலையைக் கவ்விக்கொண்டுதான் இதைக் கடக்கும். பாதி வழியில் கால் சுட்டால் இலையைக் கீழே போட்டு அதன்மேல் நின்றுகொள்ளும். நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, தலைநகர் மனாகுவாவிலிருந்து விசாரணைக்கு வந்தவர் சிரித்தால் பார்க்க நன்றாக இருக்காது. பேராசிரியை இஸ்மேனியா இதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

என் பெயர் அபுந்தியோ; மரியாதைக்கு எல்லோரும் தோன் சேர்த்துக் கூப்பிடுவார்கள். தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பொருளாளர். எங்கள் பல்கலைக்கழகம் பிள்ளைகள் கட்டும் பணத்தில் ஓடுவதல்ல. ஒரு புண்ணியவதி எழுதிவைத்துவிட்டுப் போன இந்தக் கரும்புத் தோட்டத்தில்தான் ஓடுகிறது. கரும்பு நன்றாக இருந்த வருடம் தத்துவத் துறைக்குக்கூட மின்விசிறி வரும்.

இஸ்மேனியாவின் அப்பா இங்கே கரும்பு வெட்டியவர். சிறுநீரகம் போய்ச் செத்தார். எங்கள் ஊரில் அந்த நோய்க்கே ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணின் பெயர்தான், கிரியேட்டினின். "அவனுக்கு கிரியேட்டினின் வந்துடுச்சு" என்றால் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவள் எங்கள் உதவித்தொகையில் படித்தாள், வெளிநாடு போனாள், பேராசிரியையாகத் திரும்பி வந்தாள். வருடா வருடம் ஏறும் வெயில் வெட்டுக்காரர்களின் சிறுநீரகத்தை எப்படித் தின்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. முதல் கூட்டத்திலேயே பல்கலைக்கழகத் தலைவர் ரெக்டரை எதிரே வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"நம்ம சம்பளம் யாரோட சிறுநீரகத்துலேருந்து வருதுன்னு கணக்கு எழுதுறீங்களா, தோன் அபுந்தியோ?"

"அதுக்குப் பேரேட்டுல தனியா பத்தி இல்லையே, பொண்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். ஆனால் கேட்டதை வாங்கிவிட்டாள்.

கேட்டது பெரிதல்ல. ஒரு கம்பம், அதன் தலையில் கறுப்பு வர்ணம் பூசிய செம்பு உருண்டை. அது வெட்டவெளியில் நின்று, வெட்டுக்காரன் உடம்பு படும் வெயிலை அவனைப் போலவே பட்டு எண்ணாகச் சொல்லும். அவள் குறித்த எண்ணைத் தாண்டினால் நான் சங்கு ஊதிச் சிவப்புக் கொடி ஏற்றவேண்டும். அத்தனை பேரும் அரிவாளைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கவேண்டும். கம்பத்தைச் சிமெண்ட் நிரப்பிய லாரி டயரில் நட்டு, முற்றத்தின் நட்டநடுவில் வைத்தாள். வெட்டுக்காரர்கள் அதற்கு பிஷப் என்று பெயர் வைத்தார்கள். கறுப்பு உடுப்பு, ஒரு வேலையும் கிடையாது, ஆனால் அது சொன்னால் எல்லோரும் உட்காரவேண்டும்.

அவள் தம்பி நெக்தாலியும் இங்கேதான் வெட்டினான். வாய்த்துடுக்குக்காரன். அலுவலகத்தைத் தாண்டும்போதெல்லாம் குரல் கொடுப்பான்.

"பிஷப்புக்கு இன்னைக்கு மூடு எப்படி, தோன்?"

"உன் மூஞ்சியப் பாத்தா கொஞ்சம் சூடாயிடுது."

"எங்கக்கா பெத்த புள்ளை அது. அப்படித்தான் சூடாகும்."

கொடி முன்மதியத்திலேயே ஏறத் தொடங்கியது. தழை போகக் கொளுத்திய கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு அனுப்பாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அறுவடையில் வருமானம் படுத்துவிட்டது. ரெக்டர் என்னைக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு துறையை மூடவேண்டும், கடைசியாகத் திறந்ததை மூடுவதுதான் சுலபம் என்றார். கடைசியாகத் திறந்தது இஸ்மேனியாவின் ஆய்வுக்கூடம்.

நான் ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். வாழ்நாள் முழுக்க வாயால் அளந்தவன்தான். ஆனால் தாளில் ஒரு பொய் எழுதியதில்லை. டயர் உருளும் பொருள். அதைச் சாய்த்து உருட்டி, அந்தக் குவானகாஸ்தே மரத்தடியில் நிறுத்தினேன். அவ்வளவுதான். பிஷப் அங்கே பட்ட வெயிலைத்தான் சொன்னது, நானும் அதைத்தான் எழுதினேன். இஸ்மேனியா வெள்ளிக்கிழமைதோறும் வருவாள். அதற்குமுன் நடு முற்றத்துக்கு உருட்டிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் கொடி ஏறும். வெட்டுக்காரர்கள் அதை வாராந்திரத் திருநாள் என்றார்கள்.

வருமானம் நிமிர்ந்தது. ஆய்வுக்கூடம் பிழைத்தது. மிச்சப்பட்டதில் அவள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ரத்தப் பரிசோதனை இயந்திரத்தையும் வாங்கிக் கொடுத்தேன். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க முதலில் தன் தம்பியின் ரத்தத்தைத்தான் எடுத்தாள்.

கிரியேட்டினின் எண் மோசமாக இருந்தது.

மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். தலை சுற்றினால், பிஷப்பாவது பாதிரியாவது என்று கரும்புக்கு நடுவே குந்திவிடுவார்கள். நெக்தாலி உட்காரமாட்டான். மேஸ்திரியே சொல்லியிருக்கிறார்.

"டேய், செத்து வைக்காதே, உக்காருடா."

"கொடி ஏறலையே, மேஸ்திரி. அக்கா கணக்குப் போட்டு வெச்சிருக்கா. கொடி ஏறலைன்னா உடம்பு தாங்கும்."

நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மர நிழலில் பிஷப் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது.

தன் எண்தான் தவறு என்று இஸ்மேனியா முடிவுகட்டினாள். எல்லையை இன்னும் கீழே இறக்கிக் குறித்தாள். இறக்கியதால் மர நிழலிலும் கொடி ஏறும்படி ஆயிற்று. அதனால் நான் டயரைத் தண்ணீர்த்தொட்டியின் பின்னால் உருட்டவேண்டி வந்தது. தொட்டி ஒழுகும். அங்கே எப்போதும் குளுமைதான். இதைக் கேட்டதும் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதுவும் அதே வேலைதான், அம்மா. புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

நெக்தாலி நோயோடேயே வெட்டினான். வேறு எங்கே போவான்? ஈஸ்டர் வாரத்துக்குமுன் போய்விட்டான். கடைசியில் அவன் எடை ஒரு கட்டுக் கரும்புகூட இல்லை; அவன் அண்டை வீட்டுக்காரர்கள் பெட்டியைத் தூக்கும்போது தடுமாறினார்கள், கனத்தை எதிர்பார்த்து. இது நான் அளப்பதல்ல.

இழவு வீட்டில் காப்பிக் குவளையோடு இஸ்மேனியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் அவன்கிட்ட சொன்னேன், தோன் அபுந்தியோ. கொடி ஏறாத வரைக்கும் பயமில்லை, வெட்டுடான்னு. எம் பேச்சை நம்பி நின்னான். எங்கேயோ கணக்குல தப்பு பண்ணிட்டேன். எங்கேன்னுதான் தெரியல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாதே, பொண்ணே. பெரிய பெரிய படிப்பாளிக்கே கணக்கு தப்பும்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அப்பா செத்தபோதும் இதே தோள்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் சீக்கிரமே வந்தாள். நான் அப்போதுதான் டயரை முற்றத்துக்கு உருட்டி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். மண்டை பிளக்கும் வெயிலில் நிற்கும் டயரின் விளிம்பு முழுக்கப் பச்சைப்பசேலென்று பாசி, தொட்டால் ஈரம். நகத்தால் கொஞ்சம் சுரண்டி எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எப்படிப் பாசி, தோன் அபுந்தியோ?"

"நம்ம ஊர் வெயிலைப் பத்தி உனக்குத் தெரியாதா, பொண்ணே? வெயிலுக்கே வேர்க்குது. அது சொட்டுற எடத்துல பாசி பிடிக்குது."

நல்ல கதைதான். இதைவிட மோசமான கதைகளுக்கெல்லாம் அவள் சிரித்திருக்கிறாள். அன்று சிரிக்கவில்லை. விரலில் அந்தப் பச்சையோடேயே நடந்து வாசலுக்குப் போய்விட்டாள். அதன்பின் புகார்தான் வந்தது, நீங்கள் வந்தீர்கள்.

அவளைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். அவள் எண்ணில் தப்பில்லை, முதலில் குறித்ததே சரி. கம்பத்தை உருட்டியது நான். இரண்டு தடவையும் நான்தான், தெரிந்துதான். அந்த ஆய்வுக்கூடத்துக்காகச் செய்தேன், அதாவது அவளுக்காக. அவளுக்கு இது புரியும், கொஞ்ச நாள் ஆகும். நான் யாரையும் தொட்டதுகூட இல்லை.

மீதி ஏதாவது கேட்கவேண்டுமானால் கேளுங்கள், ஒளிக்கமாட்டேன். அதற்குமுன் கொஞ்சம் கைகொடுத்து இந்த நாற்காலியை அந்த மரத்தடிக்குத் தள்ளிப் போடுங்கள், அம்மா. முழங்கால்வரை வெயில் வந்துவிட்டது. இந்த வெயிலில் மனுஷன் உட்கார முடியாது.