இஞ்சாலை ஏழு படி, அங்காலை ஏழு படி

…அதுதான் சொல்லுறன் தம்பி, இந்தக் காலத்திலை கொங்கிறீட் போட நம்பிக்கையான ஒரு ஆளைப் பிடிக்கிறதெண்டா… ஆ, மெல்ல, மெல்ல! மதிலிலை கண்ணாடித்துண்டு கிடக்கு, கையை வெட்டிப்போடும். கள்ளனுக்கெண்டு நான்தான் பதிச்சது. இப்ப நாங்கள்தான் அதாலை ஏறி விழுறம். ஓம், இறங்கும். நல்லகாலம் நீர் ஏணியோடை வந்தது. பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்கா முருங்கைக்காய் புடுங்கோணுமெண்டு தன்ரை ஏணியைத் திருப்பி வாங்கிப்போட்டா. ரெண்டு நாளா எனக்குப் பாணும் மீனும் மதிலுக்கு மேலாலைதான் வருது.

கேற் இருக்கேக்கை ஏன் ஏணியெண்டு பாக்கிறீர், என்ன? வாறன், அதுக்குத்தான் வாறன்.

வீட்டு முன் முத்தத்துக்குக் கொங்கிறீட் போடோணும். இவ்வளவுதான் கதை. என்ரை மகள் நிஷானிக்கு வாற சனிக்கிழமை கலியாணம். மழை பெய்தா முத்தம் ஒரே சேறு. பிள்ளை வெள்ளைச் சீலையோடை சேத்துக்குள்ளாலையே சேர்ச்சுக்குப் போறது? எட்டு மாதத்துக்கு முன்னமே ஆள் தேட வெளிக்கிட்டிட்டன். எட்டு மாதம்!

முதல் வந்தவன் தம்பிராசா. நல்ல மேசன், இல்லையெண்டேல்லை. ஆனா நல்லூர்க் கோயில் கொடியேறினா இருபத்தைஞ்சு நாளும் கரண்டி தொடமாட்டானாம். நாங்கள் வேதக்காரர், ஆனாலும் அவன்ரை விரதத்தை மதிக்கிறன். சரி, முடியட்டும் எண்டன். நல்லூர் முடியச் சந்நிதி எண்டான். சந்நிதி முடிய வல்லிபுரம் எண்டான். அதுக்குப் பிறகு மாரி வந்திட்டுது.

அடுத்தவன் மயிலிட்டி எமில்ராஜ். கடல் நல்லா இருந்தா மீனுக்குப் போயிடுவான். கடல் கொந்தளிச்சாத்தான் கொங்கிறீட்டுக்கு வருவான். கடல் கொந்தளிக்கிற அண்டைக்கு இஞ்சை என்ன? மழை! மழைக்குள்ளை கொங்கிறீட் போடேலுமே? வந்து, விறாந்தையிலை இருந்து, தேத்தண்ணி குடிச்சு, என்னோடை சேந்து மழையைப் பாத்திட்டுப் போவான். பதினாலு தரம் வந்தவன் தம்பி! பதினாலு தரமும் மழை பாத்தம்.

சிரிக்காதையும். எனக்கு விசர் வந்திட்டுது.

முப்பத்திநாலு வருசம் மிசன் பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்சவன் நான். ஜெபரட்ணம் மாஸ்டரின்ரை கணக்குப் பிழைச்சதெண்டு ஒருத்தர் சொல்லட்டும் பாப்பம்! இவங்களை எழுத்திலைதான் மடக்கோணுமெண்டு, இருந்து எழுதினன். நாப்பத்திரண்டு நிபந்தனை. என்ரை மனிசி சீலா சொன்னா, "இதென்ன, கொங்கிறீட் போடவோ, ஆளைச் சிறையிலை போடவோ?" எண்டு. பொம்பிளையளுக்கு உது விளங்காது.

அதிலை கையெழுத்துப் போட்டவன்தான் உந்தச் சந்தியடி அடைக்கலநாதன். சொன்ன நாள் வந்தான். சொன்ன மணிக்கு வந்தான். பேயன், சொன்னதை அப்பிடியே செய்தான்! அதுதானே வினை.

ஒன்பதாவது நிபந்தனை: வேலை முடியுமட்டும் கேற் பூட்டிக் கிடக்கோணும், ஆடு மாடு உள்ளுக்கை வரப்படாது. பத்தாவது: கேற்றிலை இருந்து வீட்டு வாசல்மட்டும் ஒரே மட்டம், நாலு அங்குலத் தடிப்பு, ஒரு நூல் கூடக் குறையப்படாது. அவன் பூட்டின கேற்றின்ரை அடிச்சட்டத்தையும் சேத்து நாலு அங்குலத்துக்குக் கொங்கிறீட்டை நிரப்பிப்போட்டு, மதிலாலை ஏறிப் போயிட்டான்! பாரும், போய்த் தள்ளிப் பாரும். அசையுதோ? பின்னை! அவ்வளவு திறமான கொங்கிறீட்.

என்ன, அவன் ஒண்டும் கேக்கேல்லையோ எண்டுறீரோ? கேட்டவன்… கேட்டவன்தான். "மாஸ்டர், கேற் உள்ளுக்குத் திறக்கிறதெல்லே…" எண்டு தொடங்கினான். பதினோராவதை வாசியும் எண்டன்.

பதினோராவதோ? அது… வேலை செய்யிறவர் கேள்வி கேக்கப்படாது.

இல்லைத் தம்பி, கேள்வி கேட்டுக் கேட்டுத்தானே முதல் ரெண்டுபேரும் நாளைக் கடத்தினவங்கள்! சரி, விடும்.

என்ன சொல்லுறீர்? கேற்றடியிலை ஒரு அடி வெட்டினாச் சரியோ? அட, அவனும் உதைத்தான் சொன்னவன். அரை மணித்தியால வேலையாம், சும்மா செய்து தாறானாம். வெட்டினா அச்சுவேலிச் சந்தை முழுக்க என்ன கதைக்கும்? மாஸ்டர் பிழையா எழுதிப்போட்டார் எண்டெல்லே கதைக்கும்! வெட்டப்படாது. ஆர் உம்மை வெட்டக் கூப்பிட்டது?

நீர் படி கட்டோணும். மதிலுக்கு மேலாலை. இஞ்சாலை ஏழு படி, அங்காலை ஏழு படி, உச்சியிலை கலியாணப் பொம்பிளை நிண்டு படமெடுக்க ஒரு சின்ன மேடை. கொங்கிறீட்டிலை. சனிக்கிழமைக்குக் காயோணும்.

ஏன் முழுசுறீர்? மதில் ஏறி இறங்கேலாதெண்டு சீலா மகளையும் கூட்டிக்கொண்டு நல்லூரிலை தமக்கை வீட்டை போயிட்டா. "அப்பா, நான் பெரியம்மா வீட்டிலை இருந்தே வெளிக்கிடுறன்" எண்டு பிள்ளை போனிலை சொல்லுறாள். ஒரே ஒரு பிள்ளை தம்பி. பிறந்த வீட்டாலை, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அவள் வெளிக்கிடோணுமெண்டுதானே நான் இந்த முத்தத்துக்கே… அது கிடக்கட்டும். இந்தாரும், கையெழுத்துப் போடும். உமக்கு ஐம்பத்திமூண்டு நிபந்தனைதான். வாசியும், நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்.

தம்பி? எங்கை ஏறுறீர்? அளவெடுக்கவோ? அளவை இஞ்சாலை நிண்டும் எடுக்கலாமே… தம்பி! ஏணியை ஏன் இழுக்கிறீர்? ஏணியை விட்டிட்டுப் போமன்!

ஐயோ, மோட்டச்சைக்கிளை எடுத்திட்டான்.

தம்பீ! நில்லும்! சந்தியாலைதானே போறீர்? அடைக்கலநாதன்ரை வீட்டடியிலை ஒருக்கா நிப்பாட்டும்… கேக்குதோ? ஜெபரட்ணம் மாஸ்டர் பதினோராவதை வெட்டிப்போட்டாராம் எண்டு சொல்லும்! வந்து என்ன கேள்வியெண்டாலும் கேக்கட்டாம்… ஓம், ஓம், பிழை என்னிலைதானாம் எண்டும் சொல்லும்! சத்தமாச் சொன்னாலும் பறவாயில்லை!

வரேக்கை கேற்றடியை உடைக்க அலவாங்கைக் கொண்டரச் சொல்லும்… ஒரு ஏணியும்!