மகள் போட்ட சண்டை

போன வாரம் அரியாங்குப்பம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சந்தோஷமாகச் சொன்னார்: "எம் பொண்ணு நேத்து ஒருத்திகிட்ட சண்டை போட்டுட்டாக்கா. இப்பதான் எனக்கு நிம்மதி."

அவர் மகள் பிரான்சுக்குப் படிக்கப் போய் இரண்டு மாதம் ஆகிறதாம்.

"சண்டை போட்டதுக்கா நிம்மதி?" என்றார் பக்கத்திலிருந்த அக்கா.

"போனதுலேருந்து தெனம் அழுகைதான்க்கா. அங்க யார்கிட்டயும் பேசவே பயம். திரும்பி வந்துடறேம்மான்னு ஒரே பிடிவாதம். இவரும் சரி, வரட்டும்னுட்டாரு."

"அப்புறம்?"

"ஹாஸ்டல் வாஷிங் மெஷின்ல துணி போட்டிருக்கா. எடுக்கப் போறதுக்குள்ள ஒருத்தி ஈரத்துணியத் தூக்கித் தரையில போட்டுட்டாளாம். இவளுக்கு வந்துச்சே கோவம்! பிரெஞ்சுலயே கிழிச்சிட்டாளாம்."

"நம்ம ஸ்டெல்லாவா? மாதா கோயில்ல பாடறப்பகூட அவ சத்தம் கேக்காதே!"

"அவளேதான். அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டு, துணிய மறுபடி மெஷின்ல போட்டுச்சாம். அது முடியறவரைக்கும் ரெண்டு பேரும் அங்கியே ஒக்காந்து பேசினாங்களாம். இன்னிக்கு நான் போன் பண்ணா, 'அம்மா, அவ வந்திருக்கா, மார்க்கெட் போறோம், அப்புறம் பேசறேன்'னு வச்சுட்டா."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நீ ஏன்டி அழுவுற?"

"ரெண்டு மாசமா அவளுக்குத் தெரியாம அடக்கி வச்சிருந்தேன்க்கா. இனிமே அழலாம்ல?" என்று சிரித்தார்.