ஆமென் சொல்லும்வரை

டீ எனக்கு வேண்டாம் சார், நீங்கள் குடியுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு இருந்து பழகிவிட்டது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன் வயிற்றை நிறைத்துக்கொண்டு போய் உட்காரக் கூடாது.

காரோடு ஊரில் சபைக் கட்டடத்தை ஒட்டிய ஹாலில்தான் என் வகுப்பு. யோகா என்று போர்டு வைத்தால் சபைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மூச்சுப் பயிற்சி என்றே எழுதிவைத்தேன். ஓம் சொல்ல மாட்டோம் என்றார்கள், அதையும் விட்டேன். ஆனால் மூச்சை அடக்கும் நேரத்தை அளக்க ஏதாவது வேண்டுமே. பரமண்டல ஜெபத்தை மனதுக்குள் மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முடிவில் நான் ஆமென் என்று குரல் கொடுப்பேன், எல்லாரும் மூச்சை விடுவார்கள். வகுப்பிலிருந்த இந்துக்களும் அந்த ஜெபத்தைப் படித்துக்கொண்டார்கள். சோமன் என்கிற நானும் அப்படிப் படித்தவன்தான்.

மூச்சைச் சும்மா அடக்குவதில்லை. உள்ளே இழுத்து நிறுத்தியதும் மூன்று பூட்டு போட வேண்டும். குதத்தைச் சுருக்குவது மூலபந்தம், வயிற்றை ஒட்ட இழுப்பது உட்டியாணம், தாடையை நெஞ்சில் பதிப்பது ஜாலந்தரம். கண்ணை மூடித் தலை குனிந்திருப்பதால் யார் முகமும் யாருக்கும் தெரியாது. எனக்கு அது வசதி. பாதி ஜெபத்துக்கு மேல் என்னால் தாங்க முடியாது. மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் சத்தியராஜ் சார் வந்து சேர்ந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சபை கொயரில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். முதுகுவலிக்காகச் சுவரில் சாய்ந்துதான் உட்காருவார். பாடுகிறவருக்கு மூச்சு இருக்கும் என்று தெரியும், இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் ஆமென் சொன்ன பிறகும் அவர் தலை நிமிராது. மற்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் மூச்சை விட்டால்தான் வகுப்பு முடிந்ததாகக் கணக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பாய் சுருட்டும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "சாரே, நடுவுல நீங்க மூச்சு விடுறது எனக்குக் கேக்கும். பாட்டுக்காரனுக்க காது ஆக்கும். சாரமில்ல, ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தார். கேலியாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து முன்வரிசையில் உட்காரும் ரேஷ்மி வாயைப் பொத்திச் சிரித்தால்கூட எனக்குச் சந்தேகம். சொல்லிவிட்டாரா, எத்தனை பேரிடம் சொன்னார், யாரெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாய் விட்டுக் கேட்கவும் முடியாது. அவமானம் தின்றுகொண்டிருந்தது சார்.

பிறகு அவர் மனைவி ஜெஸி போன் செய்தார். "அவருக்கு பிரஷர் கூடிக் கெடக்கு சாரே. மூச்சு அடக்கவே பிடாதுன்னு காரக்கோணம் ஆசுத்திரில டாக்டர் சொல்லியாச்சு. எனக்க பேச்சு எடுபடாது. நீங்க சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன்.

"மாத்திர தின்னுற ஒடம்புல பூட்டு சரியா விழாது சாரே," என்றேன் அவரிடம். "கொஞ்ச நாள் மாத்திரய நிறுத்திப் பாருங்க. அடக்க அடக்க பிரஷர் தன்னால எறங்கும்."

நம்பி நிறுத்தினார். என்னிடம் அவருக்கு நல்ல மதிப்பு உண்டு.

அன்று காலை எல்லாரும் பூட்டு போட்டு உட்கார்ந்திருந்தபோது ரேஷ்மி கண்ணைத் திறந்துவிட்டாள். "சார், சத்தியராஜ் சாருக்கு வாயில இருந்து எச்சி ஒழுகுது."

பார்த்தேன். ஒரு கை தொடையிலிருந்து நழுவிக் கிடந்தது. முதுகு சுவரில் இருந்ததால் ஆள் சாயவில்லை. தலை குனிந்திருந்தது, பூட்டு போட்டால் எல்லாருக்கும் குனிந்துதான் இருக்கும்.

"தொடப்பிடாது," என்றேன். "அடக்கி இருக்கிற ஆளத் தொட்டா நாடி அறுந்து போவும். கண்ண மூடிட்டு ஜெபத்த முதல்ல இருந்து சொல்லுங்க."

மூடிக்கொண்டார்கள். சேருகிற அன்றே எல்லாருக்கும் நான் சொல்லும் விதி அது. வகுப்பு சத்தமில்லாமல் இருப்பதற்காக நானே உண்டாக்கியது, எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைத்திருந்தால் ஹால் வாசலிலேயே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

ஜெஸி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்த அவருடைய சட்டையை அந்த மேசையில் பார்த்தேன். "நெஞ்சுல இருந்து வயிறு வர நனஞ்சு கெடந்து. அவ்வளவு நேரம் ஆரும் பாக்கல்லியா?" என்று என்னிடமும் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஜெபம் முடிந்தது, மறுபடி மனதுக்குள் தொடங்கினேன், அதுவும் முடிந்தது, இன்னொரு முறை தொடங்கினேன். மற்றவர்கள் தாங்காமல் ஒவ்வொருவராக மூச்சை விட்டார்கள், கண்ணை மட்டும் யாரும் திறக்கவில்லை. அவருடைய தோளில் இருந்த அசைவு அடங்கிய பிறகே நான் ஆமென் சொன்னேன். அவரைக் கொன்றது நான்தான், வேறு யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். அன்று அவர்களைக் கண்ணை மூடச் சொன்னதிலிருந்து ஆமென் சொல்லும்வரை நான் துளி மூச்சு விடவில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள் என்பேன், ஆனால் அதைச் சரியாகக் கேட்டுச் சொல்லக்கூடிய காது சத்தியராஜ் சாருக்கு மட்டும்தான் இருந்தது.